நோய் எதிர்ப்பு மண்டலம்: மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சயான் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். தாராவி, செம்பூர், மாட்டுங்கா, சீத்தா கேம்ப் என்று சுற்றுவட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள் ரிப்போர்ட் வாங்க வரும்போது கேட்கும் கேள்விகள் இவை. கவுன்டரில் கூட்டம் நிற்கும்போது இரண்டு வரிக்கு மேல் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே விவரமாக எழுதுகிறேன். முக்கால்வாசிப் பேர் "எதிர்ப்பு சக்தி கம்மியா இருக்கா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஆனால் பெரும்பாலான நோய்களில் சக்தி கூடவா குறைவா என்பது பெரிய விஷயமில்லை. உடம்பு எதை அடையாளம் கண்டது, எப்போது கண்டது, சரியாகக் கண்டதா என்பதுதான் விஷயம். நாங்கள் ரத்தத்தில் தேடுவதும் அதைத்தான். மருந்து, டோஸ் எல்லாவற்றுக்கும் உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு.

கிருமி உள்ளே நுழைந்தது உடம்புக்கு எப்படித் தெரிகிறது?

பெரும்பாலான கிருமிகள் உள்ளே வருவதே இல்லை. தோல் தடுத்துவிடும். மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் சளி பிடித்து வைத்துக்கொள்ளும். வயிற்று அமிலம் கொன்றுவிடும். கண்ணீரிலும் எச்சிலிலும் லைசோசைம் என்ற நொதி இருக்கிறது, அது பாக்டீரியாவின் சுவரையே அரித்துவிடும்.

இதையெல்லாம் தாண்டி ஒரு கீறல் வழியாக நுழைந்துவிட்டால், மேக்ரோபேஜ் என்ற செல்களிடம் மாட்டும். இவை தோலுக்கு அடியிலும் நுரையீரலிலும் கல்லீரலிலும் ஏற்கெனவே குடியிருப்பவை. வந்தது எந்தக் கிருமி என்று இவற்றுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். கிருமிகளிடம் மட்டுமே இருந்து மனித செல்லில் இல்லாத சில பொருள்கள் உண்டு: ஒருவகை பாக்டீரியாவின் வெளிச்சுவரில் உள்ள லிப்போபாலிசாக்கரைடு, பாக்டீரியா நீந்தப் பயன்படுத்தும் வாலின் புரதம், வைரஸ் பெருகும்போது உண்டாகும் இரட்டை இழை ஆர்என்ஏ. இவற்றைத் தொட்டுணரும் ஏற்பிகள் மேக்ரோபேஜின் மேலேயும் உள்ளேயும் இருக்கின்றன. டோல் ஏற்பிகள் என்று பெயர். மனிதர்களுக்கு 10 வகை உண்டு.

இந்தக் கண்டுபிடிப்பு ரொம்பப் பழையதல்ல. 1996-ல் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழுவினர், டோல் மரபணு கெட்டுப்போன பழ ஈக்கள் பூஞ்சை தாக்கிச் செத்துப்போவதைப் பார்த்தார்கள். 1998-ல் புரூஸ் பாய்ட்லர் குழு, லிப்போபாலிசாக்கரைடை உணர்வது அதே குடும்பத்து ஏற்பிதான் என்று சுண்டெலியில் காட்டியது. இருவருக்கும் 2011-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஏற்பியில் பட்டவுடன் மேக்ரோபேஜ் சில ரசாயனங்களை வெளியே விடும். பக்கத்து ரத்தக் குழாய்கள் விரியும், நீர் கசியும், நியூட்ரோபில் என்ற வெள்ளையணுக்கள் திரண்டு வரும். நாம் பார்க்கும் சிவப்பு, வீக்கம், சூடு, வலி எல்லாம் இதுதான். கிருமியை விழுங்கிச் செத்த நியூட்ரோபில்கள்தான் பெரும்பாலும் சீழ்.

அப்புறம் டென்ட்ரிடிக் செல் என்று ஒன்று, கிருமியின் துண்டை எடுத்துக்கொண்டு நிணநீர்க் கணுவுக்குப் போகும். அங்கே டி செல், பி செல் என்ற இன்னொரு படை பெருக ஆரம்பிக்கும். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதே, அது இந்தப் பெருக்கத்தால்தான். புண் ஆறியதும் நெறியும் கரைந்துவிடும். சில வாரங்கள் ஆகியும் கரையாமல், வலியும் இல்லாமல், பெரிதாகிக்கொண்டே போனால் டாக்டரிடம் காட்டுங்கள்.

மழைத் தண்ணியில் நடந்தால் லெப்டோ வரும் என்கிறார்களே. எலிக்கு ஒன்றும் ஆகாதது நமக்கு ஏன் ஆகிறது?

நல்ல கேள்வி. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். அதற்கடுத்த வாரங்களில் இந்த ஊரில் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற காய்ச்சல் பரவியது. இதன் கிருமியான லெப்டோஸ்பைரா எலியின் சிறுநீரகத்தில் தங்கி மூத்திரத்தோடு வெளியேறும். தேங்கிய தண்ணீரில் கலந்து, நம் காலில் உள்ள வெடிப்பு, கீறல் வழியாக உள்ளே வரும்.

மேலே சொன்ன ஏற்பிகளில் நான்காவது வகை, லிப்போபாலிசாக்கரைடை உணர்வது. லெப்டோஸ்பைராவின் மேலேயும் அந்தப் பொருள் இருக்கிறது. ஆனால் அதன் அமைப்பு கொஞ்சம் வேறு. சுண்டெலியின் டோல்-4 அதை அடையாளம் காணும், மனிதனின் டோல்-4 காணாது. எலி இனம் கிருமியோடு காலம் தள்ளுவதற்கும் நாம் படுத்துவிடுவதற்கும் இது ஒரு காரணம். ஆரம்பத்தில் கிருமி நம் ரத்தத்தில் தாராளமாகப் பெருகிவிடுகிறது, பிறகுதான் ஆன்டிபாடி, அதாவது கிருமியைப் பிடிக்க பி செல்கள் செய்யும் புரதம், வந்து சேர்கிறது.

ஆன்டிபாடி வர ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். காய்ச்சல் தொடங்கிய மறுநாளே பரிசோதித்தால் ஐஜிஎம் (முதலில் வரும் ஆன்டிபாடி வகை) 'நெகட்டிவ்' என்றே வரலாம். அதை நம்பி நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. தண்ணீரில் நடந்ததை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள், அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். முழங்கால் தண்ணீரில் நடந்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து பற்றி டாக்டரைப் பார்க்கச் சொல்லி மும்பை மாநகராட்சி மழைக்காலத்தில் அறிவிக்கிறது. காலில் புண் இருப்பவர்கள், சர்க்கரை நோயாளிகள் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

உடம்பு இதுவரை பார்த்தே இராத கிருமிக்கு ஆன்டிபாடி எங்கிருந்து வருகிறது?

கிருமி வருவதற்கு முன்பே இருக்கிறது. இதைச் சொன்னால் பலரும் நம்ப மாட்டார்கள்.

நம்மிடம் உள்ள மரபணுக்கள் சுமார் 20,000. உடம்பு உருவாக்கக்கூடிய ஆன்டிபாடி வடிவங்களோ கோடிக்கணக்கில். ஒவ்வொன்றுக்கும் தனி மரபணு இருக்க வழியில்லை. இந்தப் புதிரை 1976-ல் ஜப்பானியரான சுசுமு டோனெகாவா அவிழ்த்தார். எலும்பு மஜ்ஜையில் பி செல் உருவாகும்போது, ஆன்டிபாடி மரபணுவின் துண்டுகளை அது தாறுமாறாக வெட்டி ஒட்டுகிறது. ஒரு செல்லுக்கு ஒரு வடிவம். பக்கத்துச் செல்லுக்கு வேறு வடிவம். நம் வாழ்நாளில் வரவே வராத கிருமிக்குப் பொருந்தும் வடிவம்கூட அதில் இருக்கும். டோனெகாவாவுக்கு 1987-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கிருமி வந்ததும், அதன் மேல் உள்ள ஏதாவது ஒரு பகுதிக்கு, அதாவது ஆன்டிஜெனுக்கு, யாருடைய வடிவம் பொருந்துகிறதோ அந்த பி செல் மட்டும் பெருகும். இதை 1957-லேயே ஆஸ்திரேலியரான மெக்ஃபர்லேன் பர்னெட் ஊகித்திருந்தார். பெருகும்போது வடிவத்தில் சின்னச் சின்ன மாற்றங்கள் வரும். முன்பைவிட இறுக்கமாகப் பிடிக்கும் செல்லே மேலும் பெருகும். முதலில் ஐஜிஎம் வகை ஆன்டிபாடி வரும், அது அவசரத்துக்கு. பின்னால் ஐஜிஜி வகை வரும், நன்றாகப் பொருந்தி நீண்ட காலம் நிற்பது. ரிப்போர்ட்டில் ஐஜிஎம் மட்டும் இருந்தால் நோய் அண்மையில் வந்தது, ஐஜிஜி மட்டும் இருந்தால் எப்போதோ வந்து போனது என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறோம். விதிவிலக்குகள் உண்டு, அதனால்தான் ரிப்போர்ட்டை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள் என்கிறோம்.

அப்படித் தாறுமாறாக உருவானால் நம் உடம்பையே தாக்காதா?

தாக்கும் வடிவங்களும் உருவாகத்தான் செய்கின்றன. அவற்றைக் கழித்துக்கட்ட ஏற்பாடு இருக்கிறது.

டி செல்கள் நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் பழக்கப்படுகின்றன. 1961 வரை இந்தச் சுரப்பியால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்றே மருத்துவர்கள் நினைத்தார்கள். ஜாக் மில்லர், பிறந்த சுண்டெலிக் குட்டிகளிலிருந்து அதை எடுத்துப் பார்த்தபோதுதான் அவற்றால் நோயைத் தாங்க முடியவில்லை என்று தெரிந்தது. தைமஸில் ஒவ்வொரு டி செல்லுக்கும் நம் உடம்பின் சொந்தப் புரதங்கள் காட்டப்படுகின்றன. அவற்றை இறுகப் பிடிக்கும் செல் அங்கேயே சாகிறது. எதையுமே பிடிக்கத் தெரியாத செல்லும் சாகிறது. தேறி வெளியே வருபவை நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு.

அதையும் மீறித் தப்பி வருபவற்றை அடக்கி வைக்க ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று தனி வகை இருக்கிறது. ஷிமோன் சகாகுச்சி 1995-ல் இவற்றை அடையாளம் காட்டினார். மேரி பிரங்கோவும் பிரெட் ராம்ஸ்டெல்லும் இவற்றை இயக்கும் ஃபாக்ஸ்பி3 மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். மூவருக்கும் 2025-ன் மருத்துவ நோபல் கிடைத்தது. அந்த மரபணு கெட்டுப் பிறக்கும் குழந்தைகளுக்குக் குடல், தோல், கணையம் எல்லாவற்றையும் சொந்த வெள்ளையணுக்களே தாக்கும். அவர்களுடைய எதிர்ப்பு மண்டலம் பலவீனமானதல்ல, அடங்காதது. முதல் வகைச் சர்க்கரை நோய், முடக்குவாதம், சில தைராய்டு நோய்கள் இவையும் இந்த அடையாளக் குழப்பத்தின் வகைகள்தான்.

செல்லுக்குள்ளேயே ஒளிந்துகொண்ட வைரஸை எப்படிப் பிடிக்கும்?

ஆன்டிபாடி செல்லுக்குள் போகாது. ஆனால் நம் ஒவ்வொரு செல்லும் உள்ளே தயாராகும் புரதங்களின் துண்டுகளை எடுத்துத் தன் மேற்பரப்பில் வைத்துக்கொண்டே இருக்கிறது. நம் சால் குடியிருப்புகளில் வாசலில் இருக்கும் குப்பைக் கூடையைப் பார்த்தாலே அன்றைக்கு உள்ளே என்ன சமையல் என்று தெரிந்துவிடுமே, அது மாதிரி. டி செல் இந்தத் துண்டுகளைத் தடவிப் பார்த்துக்கொண்டே போகும். வைரஸ் புரதத்தின் துண்டு தட்டுப்பட்டால் அந்தச் செல்லையே கொன்றுவிடும். இதை ரோல்ஃப் ஜிங்கர்நாகலும் பீட்டர் டோஹர்ட்டியும் கண்டுபிடித்து 1996-ல் நோபல் பெற்றார்கள்.

சில வைரஸ்கள் துண்டுகளை வெளியே வைக்கவே விடாமல் தடுக்கும். அதற்கும் ஆள் இருக்கிறது. துண்டு எதுவும் வைக்காத செல்லைக் கண்டால் கொல்வது என்.கே. செல்லின் வேலை.

காய்ச்சல் வந்தால் உடனே இறக்க வேண்டுமா?

காய்ச்சலைக் கிருமி உண்டாக்குவதில்லை, உடம்பே உண்டாக்கிக்கொள்கிறது. வெள்ளையணுக்கள் விடும் ரசாயனங்கள் மூளையின் ஹைப்போதாலமஸை எட்டி, உடம்பின் சூட்டு அளவை உயர்த்தச் சொல்கின்றன. பல கிருமிகள் அந்தச் சூட்டில் மெதுவாகவே பெருகும். பாராசிட்டமால் நம் அசௌகரியத்தைக் குறைக்கும், நோயைக் குறைக்காது. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மட்டும் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

ஒரு தடவை டெங்கு வந்தால் எதிர்ப்பு வந்துவிடும்தானே? இரண்டாவது தடவை ஏன் மோசமாகிறது?

டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. முதலில் வந்த வகைக்கு நல்ல எதிர்ப்பு உருவாகும், பெரும்பாலும் ஆயுள் முழுக்க. சிக்கல் அடுத்த வகை வரும்போது. பழைய ஆன்டிபாடி புது வகையையும் பிடிக்கும், ஆனால் அரைகுறையாகப் பிடிக்கும். முடக்க முடியாது. மேக்ரோபேஜ்களுக்கோ ஆன்டிபாடி ஒட்டிய எதையும் உள்ளே இழுக்கும் பழக்கம். டெங்கு வைரஸ் பெருக விரும்புவதும் அந்தச் செல்களுக்குள்தான். ஆக, முந்தைய ஆன்டிபாடியே வைரஸை உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. பாதி சரியான அடையாளம் சில நேரம் அடையாளமே இல்லாததைவிட ஆபத்து என்பதற்கு டெங்குவை விடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

பரிசோதனை பற்றி: முதல் ஐந்து நாளுக்குள் என்எஸ்1, அது வைரஸின் புரதம். அதன் பிறகு ஐஜிஎம். இரண்டையும் எந்த நாளில் எடுக்கிறோம் என்பது முக்கியம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காய்ச்சல் இறங்கிவிட்டது என்று வேலைக்குக் கிளம்புகிறார்கள். டெங்குவில் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரண்டு நாளில்தான். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், குழந்தை சோர்ந்து கிடப்பது, இதில் எது வந்தாலும் பிளேட்லெட் எண்ணிக்கை எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வேண்டவே வேண்டாம்.

தடுப்பூசியை உடம்பு எத்தனை வருஷம் ஞாபகம் வைத்திருக்கும்?

கிருமியைப் பொறுத்தது. சண்டை முடிந்ததும் பெரும்பாலான டி, பி செல்கள் செத்துவிடும், கொஞ்சம் நினைவுச் செல்களாகத் தங்கும். 1846-ல் ஃபேரோ தீவுகளில் தட்டம்மை பரவியபோது, டென்மார்க் மருத்துவர் பீட்டர் பானும் ஒன்றைக் கவனித்தார். 1781-ல் அங்கே வந்த தட்டம்மையில் சிக்கிப் பிழைத்த முதியவர்களுக்கு இம்முறை வரவில்லை. 65 வருஷ ஞாபகம்! டெட்டனஸுக்கு அப்படி இல்லை, பூஸ்டர் தேவை. இன்ஃபுளுவென்சா தன் தோற்றத்தையே மாற்றிக்கொண்டே இருப்பதால் பழைய ஞாபகம் அதிகம் உதவாது.

நம்ம பரேலுக்கும் இதில் பங்கு உண்டு. 1896-ல் பம்பாயில் பிளேக் வந்தபோது வால்டெமர் ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி இங்கே வந்து, கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு சின்ன அறையில் பிளேக் கிருமியை வளர்த்து, சூடாக்கிக் கொன்று தடுப்பூசி செய்தார். 1897 ஜனவரி 10 அன்று அதை முதலில் தனக்கே போட்டுக்கொண்டார். செத்த கிருமியைக் காட்டினாலும் உடம்பு அடையாளம் கற்றுக்கொள்ளும் என்பதே அதன் அடிப்படை. அவர் பெயரில்தான் பரேல் ஹாஃப்கின் நிறுவனம் இருக்கிறது.

இவ்வளவு நீளமான ஞாபகத்தை அழிக்கும் நோயும் உண்டு. தட்டம்மை வைரஸ் நினைவுச் செல்களையே தாக்குகிறது. 2019-ல் வெளியான ஆய்வில், தட்டம்மை வந்த குழந்தைகள் பிற கிருமிகளுக்கு எதிராக வைத்திருந்த ஆன்டிபாடிகளில் 11 முதல் 73 சதவீதம் வரை இழந்திருந்தார்கள். அம்மை இறங்கிய பிறகும் மாதக் கணக்கில் நிமோனியா, வயிற்றுப்போக்கு என்று வருவது இதனால்தான். 2022 கடைசியில் கோவண்டியில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தார்கள். சீத்தா கேம்ப் அங்கிருந்து எட்டிப் பிடிக்கும் தூரம். எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லா) ஊசி 9 முதல் 12 மாதத்துக்குள் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. ஊருக்குப் போய்வந்ததில் தவறிவிட்டால், இப்போதாவது போடுங்கள். மாநகராட்சி மருத்துவ நிலையங்களில் இலவசம்.

டிபி சந்தேகம் என்று கையில் ஊசி போட்டு மூன்றாம் நாள் வரச் சொல்கிறார்கள். ஏன் உடனே பார்ப்பதில்லை?

மான்டூ பரிசோதனை. முன்கையின் உட்புறம், தோலுக்குள்ளேயே மேலாக, 0.1 மில்லி திரவம் செலுத்துவோம். வெளிறிய சின்னப் புடைப்பு எழும்பும், கொஞ்ச நேரத்தில் அமுங்கிவிடும். அந்தத் திரவத்தில் டிபி கிருமியின் புரதம் இருக்கிறது, உயிருள்ள கிருமி இல்லை. உங்கள் உடம்பு இதற்குமுன் டிபி கிருமியைச் சந்தித்திருந்தால், அதை நினைவில் வைத்திருக்கும் டி செல்கள் ரத்தத்திலிருந்து கிளம்பி, அந்த இடத்தைத் தேடி வந்து, மற்ற செல்களையும் கூட்டி வரவேண்டும். அதற்கு 48 முதல் 72 மணி நேரம் பிடிக்கும்.

"அக்கா, நல்லா சிவந்துபோச்சு, பாசிட்டிவா?" என்று பயந்து வருவார்கள். நாங்கள் சிவப்பை அளப்பதில்லை. கண்ணால் பார்ப்பதைவிட விரலால் தடவுவதுதான் வேலை. தோல் கெட்டியாக ஆரம்பிக்கும் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு, எதிர்ப்பக்க ஓரத்தில் ஒரு கோடு, நடுவே கைக்குக் குறுக்காக ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் எழுதுவோம். 10 அல்லது அதற்கு மேல் என்றால் பொதுவாக பாசிட்டிவ்.

பாசிட்டிவ் என்றால் டிபி நோய் என்று அர்த்தமில்லை. கிருமியை உடம்புக்குத் தெரியும் என்பது மட்டுமே. டிபி கிருமி விசித்திரமானது. மேக்ரோபேஜ் அதை விழுங்கும், ஆனால் செரிக்க முடியாது, ஏனென்றால் செரிக்கும் அமிலப்பை வந்து சேருவதையே கிருமி தடுத்துவிடும். அதனால் மற்ற செல்கள் சுற்றிலும் கூடிச் சுவர் மாதிரி நின்று அதை அடைத்து வைக்கின்றன. இப்படிக் கிருமியோடு வாழ்பவர்களில் ஆயுளில் ஒருமுறை நோயாக வெடிப்பது 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான். சர்க்கரை நோய், எச்ஐவி, நீண்ட நாள் ஸ்டீராய்டு, பசி, இவை அந்தச் சுவரைத் தளர்த்தும்.

பிசிஜி என்ற டிபி தடுப்பூசி போட்ட தழும்பு இருக்கிறதே, அது காப்பாற்றாதா என்று கேட்பார்கள். குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகை டிபியிலிருந்து நன்றாகக் காப்பாற்றும். பெரியவர்களின் நுரையீரல் டிபிக்கு அவ்வளவு இல்லை. இதை உலகத்துக்குச் சொன்னதே நம்ம செங்கல்பட்டு. 1968-ல் அங்கே தொடங்கிய மிகப் பெரிய பிசிஜி ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் டிபியை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. ஆகவே இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் தழும்பை நம்பாமல் சளிப் பரிசோதனைக்கு வாருங்கள்.

நாய் கடித்தால் காயத்தில் ஒரு ஊசி, கையில் ஒரு ஊசி. ஒன்று போதாதா?

இரண்டும் வேறு வேறு. கையில் போடுவது தடுப்பூசி, அதைப் பார்த்து உங்கள் உடம்பு சொந்தமாக ஆன்டிபாடி செய்ய வேண்டும். அதற்கு ஒன்று இரண்டு வாரம் ஆகும். ரேபிஸ் வைரஸோ காயத்திலிருந்து நரம்புக்குள் புகுந்து மூளைக்கு ஏறும். நரம்புக்குள் போய்விட்டால் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் அவ்வளவாகப் படாது. நோய் வெளிப்பட்டபின் காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். அந்த முதல் வாரத்தைச் சமாளிக்கத்தான் ஏற்கெனவே தயாரான ஆன்டிபாடியைக் காயத்தைச் சுற்றியே செலுத்துகிறார்கள். அதன் பெயர் இம்யூனோகுளோபுலின். ரத்தம் வந்த கடி என்றால் "அந்த ஊசி போட்டீங்களா?" என்று நீங்களே கேளுங்கள். அதற்கும் முன்னால், கடித்த உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக் கூடாது. தோலுக்குள் போடும் முறையில் தடுப்பூசி நாட்கள் 0, 3, 7, 28. மூன்றோடு நிறுத்திவிடாதீர்கள்.

பாம்புக்கடி மருந்தும் கடன் வாங்கிய ஆன்டிபாடிதான். குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் கொடுத்து, அதன் ரத்தத்தில் உருவாகும் ஆன்டிபாடியைப் பிரித்து எடுக்கிறார்கள். அதற்கான விஷத்தைத் தருவதில் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கடன் வாங்கியது சில வாரங்களிலோ மாதங்களிலோ கரைந்துவிடும், ஞாபகம் எதையும் விட்டுப் போகாது. அம்மாவிடமிருந்து குழந்தைக்கு வருவதும் அப்படித்தான்: கருவில் இருக்கும்போது நஞ்சுக்கொடி வழியாக ஐஜிஜி, பிறந்ததும் சீம்பாலில் ஐஜிஏ என்ற இன்னொரு வகை. சீம்பாலைப் பிழிந்து கொட்டும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து நிறுத்துங்கள்.

ஊரில் இறால் ஒத்துக்கொண்டது, மும்பை வந்தபின் தடிப்பு வருகிறது. எப்படி?

மீனையோ தண்ணீரையோ குறை சொல்ல வேண்டாம். இறாலின் தசையில் டிரோபோமயோசின் என்ற புரதம் உண்டு. கரப்பான்பூச்சியிலும், மெத்தைத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணியிலும் அதே குடும்பத்துப் புரதம் இருக்கிறது. கடலோரத்து ஈரக் காற்றில் இந்த உண்ணிகள் நன்றாகப் பெருகும். தூசியைச் சுவாசித்தே ஐஜிஈ வகை ஆன்டிபாடி உருவாகியிருந்தால், அது இறாலையும் அதே ஆசாமி என்று நினைக்க வாய்ப்பு உண்டு. உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ அது அவசரம். மாத்திரையைப் போட்டுவிட்டு மறுபடி சாப்பிட்டுப் பார்க்காதீர்கள்.

தொண்டை வலிக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் மேலே உள்ள ஒரு புரதம், நம் இதயத்தின் புரதங்களைப் போலவே இருக்கிறது. தொண்டைக் கிருமிக்கு எதிராக உருவான ஆன்டிபாடியும் டி செல்லும், தொண்டை ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்து, இதய வால்வைத் தாக்கலாம். மூட்டு மூட்டாக வீக்கம் மாறி மாறி வரும் குழந்தையை 'வளர்ச்சி வலி' என்று விட்டுவிடாதீர்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடச் சொல்லியிருந்தால், குழந்தை நன்றாக ஓடியாடினாலும் ஊசியை நிறுத்தக் கூடாது. கிருமி மறுபடி வராமல் இருந்தால்தான் பழைய தவறு மறுபடி கிளறப்படாது.

எதிர்ப்பு சக்தியைக் கூட்ட எந்த மாத்திரை, கஷாயம் நல்லது?

மொத்தமாகக் 'கூட்டும்' மாத்திரை என்று ஒன்று இல்லை. சக்தியைக் கூட்டுவது தீர்வல்ல என்பதை மேலேயே பார்த்தோம்: அலர்ஜியும் வால்வு நோயும் எதிர்ப்பு மண்டலம் தவறாக அடையாளம் காண்பதால் வருபவை.

குறையை நிரப்புவது வேறு விஷயம், அது நிஜமாகவே பலன் தரும். ஜார்க்கண்டில் டிபி நோயாளிகளின் வீட்டாருக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களிடையே புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது என்று 2023-ல் முடிவு வெளியானது. அரிசியும் பருப்பும்! விலை உயர்ந்த பவுடர் டப்பாவை வாங்கும் காசுக்கு முட்டை, பருப்பு, கீரை, பால் வாங்குங்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள், புகையிலையை விடுங்கள். மெடிக்கலில் நீங்களாகவே கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரையை நிறுத்துங்கள். நீண்ட நாள் போட்டு வந்திருந்தால் மட்டும் திடீரென்று விடாமல் டாக்டர் சொல்படி குறையுங்கள்.

"பாம்பே ரத்த வகை" என்றால் என்ன? எங்கள் வீட்டில் ஒருவருக்கு ஓ என்று வந்தது, ஆனால் எந்த ஓ ரத்தமும் சேரவில்லை.

ஏ, பி, ஓ வகைகள் சிவப்பணுவின் மேலே உள்ள சர்க்கரைத் துணுக்குகளால் ஆனவை. அடிப்படையாக எச் என்ற துணுக்கு இருக்கும். அதன்மேல் இன்னொன்று சேர்ந்தால் ஏ அல்லது பி. ஒன்றும் சேராமல் எச் மட்டும் இருந்தால் ஓ. நம்மிடம் இல்லாத துணுக்குக்கு எதிரான ஆன்டிபாடி, வேறு ரத்தம் ஏற்றாமலேயே, குழந்தையாக இருக்கும்போதே உருவாகிவிடும். குடலில் வாழும் பாக்டீரியாக்கள் மேலும் அதே மாதிரிச் சர்க்கரைகள் இருப்பதால், உடம்பு அவற்றைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது.

சிலருக்கு எச் துணுக்கே இல்லை. 1952-ல் டாக்டர் ஒய்.எம். பெண்டே குழுவினர் இந்த ஊரில்தான் அப்படிப்பட்டவர்களை முதலில் கண்டார்கள், அதனால் உலகம் முழுக்க பாம்பே வகை என்றே பெயர். இந்தியாவில் சுமார் 10,000 பேரில் ஒருவர், ஐரோப்பாவில் பத்து லட்சத்தில் ஒருவர். சாதாரணப் பரிசோதனையில் ஏ-வும் இல்லை, பி-யும் இல்லை, அதனால் ஓ என்று காட்டிவிடும். ரத்தம் ஏற்றுவதற்கு முன் கிராஸ்மேட்ச் செய்யும்போதுதான் குட்டு உடையும். நோயாளியின் சீரத்தில், அதாவது ரத்தத்தின் தெளிந்த நீரில், ஓ வகைச் சிவப்பணுக்களைக் கலந்தால், ஒரே சீராகச் சிவந்திருக்க வேண்டிய திரவம் கண்ணெதிரே திரிதிரியாகிவிடும். இன்னொரு பாட்டிலை எடுத்தாலும் அதேதான், மூன்றாவதிலும் அதேதான். ஏனென்றால் அவருடைய ஆன்டிபாடிக்கு ஓ ரத்தமும் வேற்று ரத்தம்.

இவர்களுக்குப் பாம்பே வகை ரத்தம் மட்டுமே ஏற்றலாம். இவர்கள் கொடுக்கும் சிவப்பணு மற்ற வகையினருக்குப் பெரும்பாலும் சேரும் என்றாலும், அதைத் தங்கள் வகையினருக்காகவே விட்டுவைப்பது நல்லது. பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் மரபணுவால் அமைவதால், உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அதனால் உங்கள் வீட்டில் முதல் வேலை அவருடைய அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லோருக்கும், ஊரில் இருப்பவர்களுக்கும் சேர்த்து, எச் பரிசோதனை செய்வது. 'ஓ பாசிட்டிவ்' என்று போட்ட பழைய கார்டை வைத்துக்கொண்டிருக்க வேண்டாம், அவசரத்தில் யாராவது அதை நம்பிவிடுவார்கள். புதிய ரிப்போர்ட்டின் நகலைப் பர்ஸில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பெயரை ரத்த வங்கியில் பதிவு செய்யுங்கள். ஆபரேஷன் முன்கூட்டியே முடிவானது என்றால், அவருடைய ரத்தத்தையே எடுத்துச் சேமித்து வைக்க முடியுமா என்று டாக்டரிடம் தேதி குறிக்கும்போதே கேட்டுவிடுங்கள்.